அசைவு தெரிந்தால் மட்டும்

இந்தப் பெட்டியைப் பொருத்துவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பது சீட்டுக்கட்டு அளவில் ஒரு போர்டு, அவ்வளவுதான். ஆனால் அது முழுக் கணினி. மெமரி கார்டைச் செருகி, வீட்டு வைஃபையில் இணைத்து, அறைக்கு ஒரு சென்சாரை ஒட்டிவிட்டால் போதும். யார் எங்கே நடமாடுகிறார்கள், எந்தக் கதவு திறந்திருக்கிறது, கேஸ் கசிகிறதா என்பதெல்லாம் நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் போனுக்கு வந்து சேரும். உங்கள் அம்மா ஊரில் தனியாக இருக்கிறார் என்று சொன்னீர்கள். தாராளமாகப் பொருத்தித் தருகிறேன். அதற்கு முன்னால் என் வீட்டில் பொருத்திய கதையை நீங்கள் கேட்டாக வேண்டும். கேட்ட பிறகு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக இருந்தாலும் எனக்கு வருத்தம் இல்லை.

என் அப்பா அய்யாக்கண்ணு கொடும்பாளூர்ப் பக்கம் எங்கள் சொந்த ஊரில் தனியாக இருந்தார். நான் குவைத்திலிருந்து வந்து இங்கே விராலிமலையில் இந்தக் கேமராக் கடையைப் போட்டபோது எங்களோடு வரச் சொன்னேன். வரவில்லை. பிறகு ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டன. கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். அப்போதும் வரவில்லை. பக்கத்து வீட்டு இருளாயி அக்காதான் சோறு பொங்கிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டது.

கடை வைத்திருப்பவன் என்ற திமிரில் முதலில் அவர் அறையில் கேமராதான் மாட்டினேன். அதைப் பார்த்ததும் ஏசினார்.

“ஏண்டா சிவசாமி, நான் வேட்டி அவுந்து கெடக்குறத நீ கடையில ஒக்காந்து படம் பாப்பியா? மொதல்ல அதக் கழட்டிட்டுப் போ.”

கழற்றிவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இந்த ஏற்பாடு. கூடம், அடுப்படி, குளியலறை என்று சென்சார் ஒட்டினேன். இது ஆளைப் பார்க்காதுப்பா, அசைவை மட்டும்தான் பார்க்கும் என்றேன். “அப்பன்னா இருந்துட்டுப் போவுது” என்றார். போர்டை என் மகள் காவ்யாவின் பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் வைத்து, காற்று போக ஓட்டை போட்டு, டிவிக்கு மேலே வைத்தேன்.

எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் போனை நீட்டி, “பாருங்க, எங்கப்பா இப்ப அடுப்படியில நிக்கிறாரு” என்று பீற்றிக்கொள்வேன். ஞாயிறுதோறும் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தவன், போனில் பார்த்தாலே போய்ப் பார்த்த மாதிரிதான் என்று நினைக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் காவ்யாவின் கல்யாணம் வந்தது. அவளுக்கு முன்பு ஒரு இடம் பேசி, பத்திரிகையும் அடித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து அந்தப் பையனின் தகப்பனார் நெஞ்சு வலியில் போய்விட்டார். தீட்டு கழிந்த பிறகும் அவர்கள் வரவில்லை. பெண் ராசி சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் ஜாதகம் கேட்டாலும் அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருக்கும். என் பிள்ளை கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டது. அன்னவாசல் கோபிநாத் வீட்டார் மட்டும்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வந்தார்கள். அவருக்குச் சிங்கப்பூரில் வேலை. லீவு கொஞ்சம்தான். மலைக்கோயிலில் தாலி கட்டு, கீழே மண்டபத்தில் சாப்பாடு என்று முடிவாயிற்று.

அப்பாவால் மலை ஏற முடியாது. “தாலி கட்டுனதும் ரெண்டு பேரையும் நேரா இங்கிட்டுக் கூட்டிட்டு வா. நான் திருநீறு பூசி விடுறேன்” என்றார். இருளாயி அக்கா அவரோடு இருந்துகொள்வதாகத்தான் சொன்னது.

“பெருசு ஒத்தையில கெடக்கும் தம்பி. நீங்க போய்ட்டு வாங்க.”

“அது எப்புடிக்கா? நீ தூக்கி வளத்த புள்ள. வேன்ல ஏறு. அப்பாவ நான் போன்லயே பாத்துக்கிறேன்.”

ஏற்றிவிட்டவன் நான்தான். இதை யார் தலையிலும் போட எனக்கு வழி இல்லை.

காலையில் சீர்த்தட்டுகளோடு படியேறிக்கொண்டிருக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ‘குளியலறை. கவனிக்கவும்’ என்று இருந்தது. அந்த வாசகம் நான் எழுதிவைத்ததுதான். குளியலறைக் கதவு மூடியே இருந்தால்தான் அது வரும். எனக்கு ஒரு கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. அப்பா உள்ளே போயிருக்கிறார், கதவைச் சாத்தியிருக்கிறார், விழுந்துவிட்டார்.

அங்கேயே படியில் நின்று அப்பா போய்விட்டார் என்று முடிவு செய்தேன். தெரிந்துகொண்டேன் என்று சொல்லவில்லை, முடிவு செய்தேன்.

செய்தியைச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் கன்னிகாதானம் செய்ய முடியாது. பங்காளிகள் ஒருவர் விடாமல் கோயிலை விட்டு இறங்க வேண்டும். மணமேடை வரைக்கும் வந்து இரண்டாவது தடவையும் ஒரு சாவு குறுக்கே விழுந்த பெண்ணை அதன் பிறகு யார் கேட்பார்கள்? எங்கள் பக்கம் இது நடக்காததும் இல்லை. சாவுச் செய்தியை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு தாலி ஏறும் வரை சிரித்த முகமாக நின்றவர்களை எனக்குத் தெரியும். அவர்களை யாரும் குறை சொன்னதில்லை. பொறுப்பான ஆள் என்றுதான் சொன்னார்கள். போன உயிர் திரும்பப் போவதில்லை, இருக்கிற உயிராவது வாழட்டும் என்று நினைத்தேன். இன்றைக்குச் சொல்லிப் பார்த்தாலும் நியாயமாகத்தான் காதில் விழுகிறது.

போனை அமர்த்திவிட்டு மேலே ஏறினேன். மறுபடி அதிர்ந்தது. மறுபடி அமர்த்தினேன்.

அப்பாவுக்கு என்னைவிட என் கூடப்பிறந்த அக்கா செல்வராணி மேல்தான் பிரியம். முகூர்த்தத்துக்கு முன்னால் அது என் கையைப் பிடித்தது.

“தம்பி, மனசு ஒரு மாதிரியா இருக்கு. அப்பாவுக்குப் போன் போட்டேன், எடுக்கல. வண்டி இருக்கு, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்.”

பைக்கில் பக்கம்தான். நான் போனை எடுத்து அக்காவிடம் காட்டினேன். காட்டியது கேஸ் சென்சாரின் பக்கம். அதில் எல்லாம் பச்சையாக இருக்கும். அக்காவுக்கு அது எந்தப் பக்கம் என்று தெரியாது. “பாரு, ஒண்ணுமில்ல. தூங்குறாரு. நீ இல்லாம இங்க எப்புடி?” என்றேன். அக்கா நம்பியது. தம்பி படித்தவன் இல்லையா.

தாலி ஏறியது. இனிமேல் சொல்லலாம் என்று பார்த்தேன். சம்பந்திகள் இன்னும் சாப்பிடவில்லை. சாப்பிட்டு எழுந்தார்கள். பெண் புகுந்த வீட்டில் விளக்கேற்ற வேண்டும். அதுவரை பொறுக்கலாம் என்று பட்டது. காவ்யா மேடையிலிருந்தே, “அப்பா, தாத்தாகிட்டப் பேசுனீங்களா? நாங்க மொதல்ல அங்கதான வர்றோம்?” என்று கேட்டாள். மாலையும் பொட்டுமாக அவ்வளவு அழகாக இருந்தாள்.

“தாத்தா தூங்குறாரும்மா. நல்ல நேரத்துக்குள்ள மொதல்ல அன்னவாசல் போங்க. சாயந்தரம் வரலாம்.”

அவர்கள் கார் கிளம்பியதும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்று மனைவியிடம் சொல்லி, கேரியரோடு பைக்கில் புறப்பட்டேன். பாயசம் சிந்தாமல் மெதுவாகத்தான் ஓட்டினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

குளியலறைக் கதவை உந்தித் திறக்கச் சிரமமாக இருந்தது. அவர் கால் முட்டுக்கொடுத்திருந்தது. துண்டை மடித்துத் தலைக்கு வைத்திருந்தார். விழுந்த பிறகு செய்த வேலை அது. நல்ல கைப்பக்கம் பிளாஸ்டிக் குவளை உடைந்து கிடந்தது. கதவின் அடிப்பகுதியில் அதை வைத்துத் தட்டிய தடம், ஒன்றின் மேல் ஒன்றாக. மூச்சு இல்லை. கன்னம் குளிர்ந்திருந்தது. அக்குளில் கை வைத்தேன். அங்கே இன்னும் சூடு இருந்தது.

தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினேன். ஈர வேட்டியை மாற்றினேன். குவளைத் துண்டுகளைப் பொறுக்கிக் கொல்லையில் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். அன்னவாசலில் விளக்கேற்றியாயிற்று என்று மனைவி போனில் சொன்ன பிறகு, நான் வந்து கொஞ்ச நேரத்தில் என் மடியில் உயிர் பிரிந்தது என்று எல்லோருக்கும் சொன்னேன்.

வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அதையேதான் சொன்னார்கள். “பேத்தி கல்யாணத்த முடிச்சிட்டுப் போயிருக்காரு. இப்புடி ஒரு சாவு யாருக்கு வாய்க்கும்?” இருளாயி அக்கா மட்டும் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு, “என்னைய ஏன் தம்பி வேன்ல ஏத்துன?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. காவ்யா தாலியும் மஞ்சளுமாக ஓடிவந்து என் தோளில் சாய்ந்து, “தூங்குறாருன்னு சொன்னீங்களேப்பா. அப்புடியே நிம்மதியாப் போயிருக்காரு” என்று அழுதாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. சாகவில்லை. மகன் இல்லையா, கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

இப்போது அவள் சிங்கப்பூரில் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். மாசமாக இருக்கிறாள். பையன் பிறந்தால் தாத்தா பேரைத்தான் வைப்பாளாம். போனில் சொன்னாள். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டீர்களே, ஆள் இல்லாதபோது இது சும்மா அடித்துத் தொந்தரவு செய்யுமா என்று. முதலில் அப்படித்தான் செய்தது. அப்பா கொல்லைப்பக்கம் போகும்போது குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுப் போவார். வெறும் அறைக்கு இது அடித்துக்கொண்டிருக்கும். எரிச்சலாகி, கல்யாணத்துக்கு முன்பே நானே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். கதவு மூடியிருக்க வேண்டும், உள்ளே அசைவும் தெரிய வேண்டும். இரண்டும் நெடுநேரம் சேர்ந்து இருந்தால் மட்டும் அடிக்கும். உள்ளே எதுவும் அசையாவிட்டால் அடிக்காது.

அப்பா போய்விட்டார் என்று படியிலேயே முடிவு செய்தேன் என்று சொன்னேன் அல்லவா. அக்காவிடமும் மனைவியிடமும் என்றாவது ஒருநாள் சொல்வதற்காக நான் மனதுக்குள் தயாராக வைத்திருப்பதும் அந்த வாக்கியம்தான். ஆனால் அன்றைக்கு அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. மாலை மாற்றும்போது அடித்தது. தாலி கட்டும்போது அடித்தது. கடைசிப் பந்திக்கு நான் இலை போடச் சொல்லிக்கொண்டிருந்தபோதும் என் பையில் அடித்தது. ஒவ்வொரு முறையும் அப்பா அசைகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அமர்த்தினேன்.