குறைகேட்ட செவிக்கு உலைமேடை வாசித்தளிக்கும் மடல்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புருக்கும் எங்கள் ஆலையில், இருபத்தெட்டு ஆண்டுகள் கணினி அறையின் கண்ணாகவும் காவலாகவும் விளங்கி, இன்று மாலைச் சங்கு ஒலித்ததும் பணி நிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய அம்மையார், பொன்னேரியை அடுத்த ஆரணி ஈன்ற அறிவுச்சுடர், திருமதி ஈஸ்வரி தணிகாசலம் அவர்களின் திருமுன், உலைமேடையினரும் உருட்டாலையினரும் எடைமேடையினரும் சரக்கறையினரும் உணவகத்தினரும் ஒன்றுகூடி, உள்ளம் நெகிழ்ந்தும், உள்ளபடி சொன்னால் சற்றே அஞ்சியும், வாசித்தளிக்கும் மடல் இது.

அஞ்சுவது ஏன் என்பீர்கள்! பிழை கண்டுபிடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் எதிரில் அமர்ந்திருக்க, எழுதியதை வாசிக்க யாருக்குத்தான் துணிவு வரும்? இம்மடலை எழுதும் பொறுப்பு, பள்ளியில் பேச்சுப் போட்டிப் பரிசு வாங்கிய ஒரே குற்றத்திற்காக, சரக்கறை எழுத்தன் அன்புசெல்வனாகிய என் தலையில் விழுந்தது. எதையும் ஊரறியத் திறந்துவைக்கும் உங்கள் வழக்கப்படியே வரைவை உணவகச் சுவரில் ஒட்டி, குறை காண்போர் கூறலாம் என்று அடியில் எழுதிவைத்தேன். ‘விண்ணளந்த வித்தகியே’ என்று நான் விளித்திருந்ததைப் படித்துவிட்டு, உணவகத்துக் கங்கம்மா அக்கா, “அவங்க இன்னா ராக்கெட்டா உட்டாங்க? கம்ப்யூட்டரத்தானே பாத்துக்கினாங்க, அத்த எழுதுய்யா” என்றார். அந்த விளி அன்றே அடிபட்டது. சுவரில் ஒட்டாமல் நான் ஒளித்துவைத்த பகுதி ஒன்றே ஒன்று. அது கடைசியில் வரும்.

ஓட்டை அடைப்பதில் ஓய்வறியாதவரே!

நீங்கள் வந்து சேர்ந்த நாளில், எங்கள் ஆலையில் கணினி என்பது சம்பளச் சீட்டு அச்சிடும் ஒரு பெட்டி. இன்றோ, உலையைக் குளிர்விக்கும் நீரின் சூடும் வார்ப்பின் வேகமும் வாசலில் நிற்கும் லாரியின் பாரமும் திரையில் பார்த்தால்தான் எங்களுக்குத் தெரியும். அத்தனை திரைகளுக்கும் அடியில் ஓடுவது, ஒருவருக்கும் தனியுரிமையாகாத, உலகோர் அனைவருக்கும் பொதுவுரிமையான திறமூல இயங்குதளம். அதன் உள்ளெழுத்தாகிய நிரல் முழுவதும் ஊரறியத் திறந்து கிடக்கிறது. படிக்கத் தெரிந்தவர் படிக்கலாம், பழுது கண்டவர் சொல்லலாம், திருத்த வல்லவர் திருத்தலாம். “அப்ப திருடனும் படிப்பானே மேடம்?” என்று எடைமேடை இம்மானுவேல் ஒருநாள் கேட்டார். “படிப்பான் இம்மானுவேல். அதனாலதான் அவனுக்கு முன்னாடி நாம படிச்சிடணும்” என்றீர்கள். இருபத்தெட்டு ஆண்டுப் பணியையும் அந்த ஒரு பதிலில் அடக்கிவிட்டீர்கள் அம்மையீர்!

பொன்னேரியில் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கும்வரை மடியில் கணினியை விரித்து, யாரோ எங்கோ எழுதிய வரிகளை நீங்கள் வாசித்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். பெட்டியில் பூ கட்டிக்கொண்டு வரும் பெண்கள், இந்த வயதிலும் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறார் என்று உங்களுக்கு இடம் விட்டதையும் பார்த்திருக்கிறோம். அந்த வரிகளில் பாதுகாப்பு ஓட்டை கண்டால் அதை அடைக்கும் ‘பேட்ச்’ என்னும் ஒட்டை எழுதி அனுப்புவீர்கள், அனுப்பிய ஒட்டை உலகம் எடுத்துக்கொள்ளும், கூலி கேட்டதில்லை. பிறகு ஆலைக்கு வந்து, உலையில் உருகியதை ஊற்றி முடித்து அடுத்த ஸ்கிராப்பைக் கொட்டும் அந்தச் சிறு இடைவெளிக்காகக் காத்திருந்து, எங்கள் கணினிகளுக்கும் அந்த ஒட்டைப் போட்டுவிட்டு, ஒன்றுமே நடவாததுபோல் டீ குடிக்கப் போவீர்கள். உண்மையில் ஒன்றும் நடக்காமல் இருந்ததே உங்களால்தான் என்பது எங்களுக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

குறைகேட்கும் குணக்குன்றே!

எங்கள் உலைமேடை மேஸ்திரி மோசஸ் அண்ணனை இச்சபை அறியும். அவர் வாய் திறந்தால் குறைதான் வரும். டீயில் சர்க்கரை அதிகம் என்பார். மறுநாள் டீயில் சர்க்கரையே இல்லை என்பார். மின்விசிறி காற்றை வேறு பக்கம் தள்ளுகிறது என்பார். ரயில் சரியான நேரத்துக்கு வந்தாலும், ஓடிவந்து பிடிக்க வேண்டியதாயிற்று என்பார். அவர் தலை வாசலில் தெரிந்தால் மேலாளர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்வார். நான் சரக்கறைக்குள் போல்ட்டு எண்ணப் போய்விடுவேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க மோசஸ், மொதல்லேர்ந்து சொல்லுங்க” என்ற ஒரே மனிதர் நீங்கள்தான். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. உங்கள் தொழிலே அந்தக் காதில்தான் இருந்தது என்று எங்களுக்கு யார் சொல்வார்?

சென்ற ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு முற்பகல். மோசஸ் அண்ணன் உங்கள் அறைக்கு வந்தார். “இன்னா மேடம் இது, இந்த டப்பா காலைலேர்ந்து ஒரே நம்பரக் காட்டிக்கினு கீது. பைப்பத் தொட்டா கை சுடுது. பொய் சொல்லுது மேடம் இது” என்றார். உடனிருந்த நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. எழுந்து அவரோடு படியேறிப் போய், குழாயில் நீங்களும் கை வைத்தீர்கள்.

உலையைச் சுற்றிய செப்புச் சுருளுக்குள் குளிர்நீர் ஓடிக்கொண்டே இருந்தாக வேண்டும். ஓட்டம் நின்று சுருள் பிளந்தால், உருகிய இரும்பில் தண்ணீர் பட்டு மேடையே வெடித்துப் போகும். மேடையில் நிற்கும் ஆறு பேரும் வீடு திரும்பமாட்டார்கள். அன்று மழைக் குப்பை வடிகட்டியை அடைத்திருந்தது. அதை எடுத்ததும் நீர் ஓடியது, குழாய் ஆறியது. சென்சார் கெட்டிருக்கும் என்று சொல்லி நாங்கள் சாப்பிடப் போனோம். நீர் சூடேறியும் திரை ஏன் பழைய எண்ணையே காட்டியது என்ற கேள்வியை நீங்கள் மட்டும் விடவில்லை.

சென்சார் நன்றாகவே இருந்தது. கோளாறு இயங்குதளத்திற்குள் இருந்தது. வலையமைப்பு வழியே கோணலாக ஒரு செய்தி வந்தால், அளவை வாங்கித் தரும் பகுதி அதை விழுங்கி விக்கித்து நின்றுவிடும். நின்றது வெளியே தெரியாது. கடைசியாகக் கண்ட எண்ணையே திரை காட்டிக்கொண்டிருக்கும். எங்கள் ஆலையில் பழுதான ஒரு பெட்டி அந்தக் கோணல் செய்தியைத் தற்செயலாக அனுப்பியது. தெரிந்த கயவன் ஒருவன், எங்கோ உட்கார்ந்துகொண்டு, வேண்டுமென்றே அனுப்ப முடியும். இதே இயங்குதளம் எந்தெந்த ஊரில், எந்தெந்த மருத்துவமனையில், எந்தெந்த உலையடியில் ஓடுகிறதோ, அங்கெல்லாம் அதே ஓட்டை!

வாய் காத்த வல்லவரே!

ஓட்டை அடைக்கும் உலகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். கண்ட ஓட்டையை அடைக்க வல்லவர்களிடம் மட்டும் சொல்ல வேண்டும்; அதை அடைக்கும் ஒட்டு ஆயத்தமாகி எல்லோர் கைக்கும் போய்ச் சேரும்வரை வேறு எவரிடமும் மூச்சு விடக் கூடாது. முன்னாலே சொன்னால் ஊரில் பூட்டு வருவதற்குள் திருடன் வந்துவிடுவான். அதனால் மேலாளர் சந்திரமோகன் அவர்களிடம் போய், உலைக் கணினிகளை வெளிவலையிலிருந்து பிரிக்க வேண்டும், நீரின் சூட்டைக் கையால் அளக்க ஆள் போட வேண்டும் என்று மட்டும் கேட்டீர்கள். காரணம் கேட்டார். “இப்ப சொல்ல முடியாது சார். சொல்லலாம்னு ஆனதும் முதல்ல உங்ககிட்டதான் வருவேன்” என்றீர்கள்.

அவர் சொன்ன விடையை அவர் ஒப்புதலோடுதான் இங்கே வாசிக்கிறோம்: “மாசக் கடைசி மேடம். காரணம் இல்லாம ஃபர்னஸ்ல கை வெச்சா மேல இருக்கறவங்க என்னைத்தான் கேப்பாங்க.” நீங்கள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தீர்கள். “ஆறு பேர் மேடையில நிக்கறாங்க சார். வயரை நான் பிடுங்கறேன். கேட்டா என் பேரைச் சொல்லுங்க.” சொன்னபடியே நடந்துபோய், உங்கள் கையாலேயே பிடுங்கினீர்கள்; சூட்டை அளக்கும் வேலையை மோசஸ் அண்ணனிடம் ஒப்படைத்தீர்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தார்கள். பணி நிறைவுக்குச் சில மாதங்களே இருக்க, ஒழுங்கு நடவடிக்கை என்னும் கறை உங்கள் வாழ்நாள் உழைப்பின்மேல் விழ இருந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பியிருப்பீர்கள். “கொஞ்ச நாள் பொறுங்க. அப்பவும் என் பதில் சரியில்லைன்னா நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்” என்றதற்குமேல் ஒரு சொல் உங்கள் வாயிலிருந்து வரவில்லை. அம்மையீர், வாய் திறந்து புகழ் தேடியவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பணயம் வைத்தவரை அன்றுதான் பார்த்தோம்.

அந்நாட்களில் உங்களைக் கண்டபடி பேசியவர் யாரென்று நினைக்கிறீர்கள்? மோசஸ் அண்ணனேதான்! கையில் வெப்பமானியும் தலையில் பிளாஸ்டிக் உறையுமாக மழையில் ஏறி இறங்கி, உங்கள் முன்பே வந்து நின்று பொரிந்தார்: “கம்ப்யூட்டர் வந்தப்புறமும் கையால அளக்கச் சொல்ற கம்பெனி இது ஒண்ணுதான் மேடம். நனைஞ்சிக்கினு நான் ஏறி எறங்கிக்கினு கீறேன். உங்களுக்கு இன்னா ஆச்சுன்னு ஒருத்தருக்கும் தெர்ல. ஒரே பேஜாரா கீது.” நீங்கள் அவருக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தீர்கள். “இன்னும் கொஞ்ச நாள்தான் மோசஸ். அளக்கறதை மட்டும் விட்டுடாதீங்க” என்றீர்கள்.

பிறகு ஒரு காலையில், நீங்கள் எழுதி, பல நாட்டார் கூடிச் சரிபார்த்த ஒட்டு உலகெங்கும் ஒரே நேரத்தில் வெளியாயிற்று. அடுத்த இடைவெளியில் எங்கள் கணினிகளுக்கு அதைப் போட்டீர்கள்; திரையும் வெப்பமானியும் ஒரே சூட்டைக் காட்டுகின்றனவா என்று நின்று பார்த்தீர்கள்; பிடுங்கிய வயரைச் செருகினீர்கள்; நேரே மேலாளர் அறைக்குப் போனீர்கள். நடந்ததைக் கேட்டு முடித்ததும் என்ன செய்தீர்கள் என்று மேலாளரிடம் விசாரித்தோம். “எழுந்து நின்னேன். வேற எதுவும் தோணல” என்றார். விசாரணை அன்றே முடிந்தது. அவர் திருப்பித் தந்த அடையாள அட்டையை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனீர்கள்!

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நாங்கள் கேட்டபோது, “ஒருத்தர் ஒரு குறை சொன்னார், அதுலேர்ந்து தெரிஞ்சது” என்றீர்கள். அன்று நாங்கள் சிரித்ததை மறந்து, யாரோ வெளிநாட்டு நிபுணர் போலும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். இத்தனை உருக்காலைகள் உள்ள ஊரில் எந்த ஆலை என்பதையும் வெளியில் விடவில்லை. பெயர் தெரிந்தால் கயவனுக்கு வழி தெரிந்துவிடும் என்றீர்கள்.

இனி வருவது, சுவரில் ஒட்டாத பகுதி.

உங்கள் இருக்கையில் நாளை அமரப்போகும் பொறியாளர் பிரின்சி, பொறுப்பேற்குமுன் பழைய திருத்தங்களை எல்லாம் வாசித்துக்கொண்டிருந்தவர், சென்ற வாரம் சரக்கறைக்கு ஓடிவந்தார். எந்தத் திருத்தத்தின் அடியிலும் எழுதியவர் பெயரோடு, குறையை முதலில் கண்டு சொன்னவர் பெயரையும் பொறிப்பது அவ்வுலகின் மரபாம். அது அழியாதாம், அந்த இயங்குதளம் உள்ளவரை, அதைத் திறந்து படிப்பவர் எந்த நாட்டினராயினும், அப்பெயர் கண்ணில் படுமாம். உங்கள் திருத்தத்தின் அடியில் இருந்ததைப் பிரின்சி படிக்கப் படிக்க நான் எழுதிக்கொண்டேன். அதைத் தமிழில் அப்படியே தருகிறேன்:

‘குறையைக் கண்டு சொன்னவர்: மோசஸ், உலைமேடை, கும்மிடிப்பூண்டி.’

பெயரை நீங்கள் எழுதி அனுப்பிய நாளையும் பிரின்சி பார்த்துச் சொன்னார். அண்ணன் மழையில் நனைந்து வந்து உங்களைத் திட்டிய நாட்களுக்கு முந்தைய நாள் அது. அவர் திட்டத் திட்ட, அவர் பெயரை உலகத்துக்கு எழுதிவிட்ட கையால் அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்! இதற்குப் பொருத்தமான அடைமொழியைத் தேடி மூன்று தாள் கிழித்தேன். கிடைக்கவில்லை அம்மையீர். சொல் கிடைக்காமல் நிற்பது எனக்கு இதுவே முதன்முறை.

சுவரில் இருந்த வரைவைப் படித்துவிட்டு மோசஸ் அண்ணன் சொன்ன குறையையும் இங்கே பதிகிறேன். “ரொம்ப நீளமா கீது. அத்தோட ஒரு பெரிய குறை. அவங்க பூட்டாங்கன்னா இனிமே நான் யாராண்ட போய் சொல்லுவேன்? அதுக்கு ஒரு வரிகூட எழுதலியே நீ?” என்றார். அவர் குறை நியாயமானது. இந்த மடலில் திருத்த முடியாத ஒரே குறை அதுதான்.

நீடு வாழ்க எங்கள் நெஞ்சில் நிறைந்தவரே! ஆரணியாற்றில் வெள்ளம் புரளும் ஆண்டிலும் வறண்டு கிடக்கும் ஆண்டிலும் உங்கள் களத்தில் நெல் குறையாதிருக்கட்டும். கண்ணாடியின் துணை இருந்தும் இல்லாமலும் உங்கள் கண் எழுத்தை விடாதிருக்கட்டும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தணிகாசலம் ஐயாவோடு, அவசர அழைப்பு ஒன்றும் குறுக்கிடாத வேளைகளில் வயிறாரச் சாப்பிட்டு, மனமாரச் சிரித்து, நோயின்றி நெடுங்காலம் நீங்கள் வாழ, உருகும் இரும்பின் எதிரே நின்று வேலை செய்து, ஒவ்வொரு மாலையும் வீடு திரும்பிக்கொண்டிருக்கும் நாங்கள் வாழ்த்துகிறோம்.

இவண்,
உங்கள் காவலில் இருந்தோர்:

1. ……………………………
2. சந்திரமோகன், மேலாளர்
3. பிரின்சி, கணினி அறை
4. இம்மானுவேல், எடைமேடை
5. கங்கம்மா, உணவகம்
6. அன்புசெல்வன், சரக்கறை
மற்றும் ஆலையோர் அனைவரும்

முதல் இடம் மோசஸ் அண்ணனுக்குரியது. முழுவதும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டதால் காலியாக இருக்கிறது. அதனால்தான் இம்மடலை மாட்டியிருக்கும் சட்டத்திற்குக் கண்ணாடியும் இன்னும் பொருத்தவில்லை. இப்போது முழுவதும் படித்தாயிற்று. அண்ணே, மேடைக்கு வாங்க. பேனா மேடம் கையில் இருக்கிறது.