சாரதாமணிக்கு எழுதிய கடிதம்

அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டிய மூன்று வரிகளை ஏன் ஒருவரும் நம்பவில்லை என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. "சாயத்தால் உடலுக்குத் தீங்கில்லை. யாரும் அஞ்ச வேண்டாம். இப்படிக்கு, நிர்வாகம்." அதைப் படித்த பிறகுதான் சாயப்பொடி அறையிலிருந்து இரண்டு பேர் வேலையை விட்டு நின்றார்கள்.

நீங்கள் நிதானமாகக் கேட்பதால் முழுவதும் சொல்கிறேன், ஐயா. அருள்புரத்தில் அந்தச் சாயப்பட்டறையின் கடிதங்களையெல்லாம் எழுதியவன் நான். தொண்ணூற்றைந்தில் ஜெர்மனியிலிருந்து வந்ததையும் நான்தான் முதலில் படித்தேன். எங்கள் சிவப்புச் சாயம் மூத்திரப்பையில் புற்றுநோய் உண்டாக்கும், அதில் தோய்த்த துணி இனி வேண்டாம் என்று இருந்தது. முதலாளி கிட்டுசாமியிடம் சொன்னேன். குடோனில் நாற்பது டிரம் இருந்தது. "உள்ளூர்ச் சரக்குக்கு ஓட்டிக்கலாமுங்க பாய்," என்றார். பேச்சு கசியுமுன் ஒட்டியதுதான் அந்த அறிவிப்பு.

பொடியை நிறுத்துக் கொடுக்கும் அர்த்தநாரி பதினாறு வருடமாக அந்த அறையில் இருந்தவர். ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க பாய், ஒண்ணுக்குச் செகப்பாப் போவுதுங்க. கோயமுத்தூரு பெரியாஸ்பத்திரிக்குப் போயே ஆவோணும்னு ஊட்டுல ஒரே சண்டைங்க."

கூட வந்த சக தொழிலாளி பழனிமுத்து சிரித்தார். "பொடியோடவே குடும்பம் நடத்துனா, பின்ன பச்சையாவா போவும்?"

அர்த்தநாரியும் சிரித்துவிட்டார். அது வெறும் சாயத்தின் நிறம்தான் என்று அவர் பாதி நம்பத் தயாராக இருந்தது அப்போது தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன வேலை என்று டாக்டர் கேட்பார். பிறகு டிரம்களைப் பற்றிக் கேட்பார்கள். தடுக்க வேண்டியது அவரையல்ல, போகச் சொல்லிச் சண்டையிடும் அவர் மனைவி சாரதாமணியை. அவருக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். பலகையில் எழுதியதில் மனிதர் யாரும் இல்லை. 'நிர்வாகம்' என்பவரை யார் பார்த்தார்கள்? அதனால் "அன்புள்ள தங்கச்சிக்கு, நஜீமுதீன் எழுதுவது" என்று தொடங்கினேன். சாயம் நல்லது என்று சொல்லவில்லை. கை அரிக்கும், சட்டை பாழாகும் என்று ஒப்புக்கொண்டேன். சின்னக் குறையை நாமே சொல்லிவிட்டால் பெரியதைக் கேட்கத் தோன்றாது.

அவர்கள் போகவில்லை. பதினான்கு மாதம் கழித்துப் போனபோது, அறுத்தும் பயனில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். துக்கம் கேட்கப் போன எனக்குச் சாரதாமணி தண்ணீர் கொடுத்தார். "நீங்க எழுதுன தைரியத்துலதானுங்க பாய் அத்தன நாளும் நிம்மதியாத் தூங்குனாரு," என்றார். அந்த நிம்மதி நான் கொடுத்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர்களை நம்ப வைத்தது ஒரே வரி: "ஈரோட்டில் நானும் ஆறு மாதம் பொடி நிறுத்தவன்தான், எனக்கும் சிவப்பாகத்தான் போனது, தானாகவே நின்றுவிட்டது." எந்தப் பட்டறையிலும் பொடி அறைக்குள் நான் கால் வைத்ததே இல்லை.