லிஃப்டுக்குள்ளிருந்து வந்த புகார்

எனக்கு அவ்வளவு சீக்கிரம் கோபம் வராது ஐயா. டீ ஆறிப்போயிருந்தாலும் வாயைத் திறக்காமல் குடித்துவிடுகிற ஆள். நீங்கள் கொடுத்த இதுவும் ஆறித்தான் போயிருக்கிறது, பரவாயில்லை.

எங்கள் கம்பெனி ஒரே ஒரு கேமை வைத்துப் பிழைக்கிறது. பெயர் 'கொல்லைப்புறம்'. ஃபோனிலேயே செடி நடலாம், தண்ணீர் ஊற்றலாம், பூப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆடுகிறவர்கள் அனுப்பும் புகார்களுக்குப் பதில் போடுவது என் வேலை. ஆறு பேர் செய்துகொண்டிருந்தோம். புது மேனேஜர் வந்து சிக்கனம் பிடித்ததில் நான் மட்டும் மிஞ்சினேன். கேமைச் சோதித்துப் பார்க்கிறவர்களையும் அனுப்பிவிட்டார். ஆடுகிறவர்களே சோதித்துக்கொள்வார்களாம். லிஃப்ட் பராமரிக்கிற ஆளையும் நிறுத்திவிட்டு, லிஃப்டின் அவசர மணியை என் மேஜை ஃபோனோடு இணைத்தார். "எல்லாம் புகார்தானே? ஒரே இடத்துக்கு வரட்டும்" என்றார்.

பதில்களையும் அவரே எழுதிக் கொடுத்தார். மொத்தம் ஒன்பது வாக்கியங்கள். அதைத் தாண்டி ஒரு சொல் எழுதினாலும் மெமோ வரும். நான் இதுவரை ஒரு மெமோ வாங்கியதில்லை.

என் அப்பா தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வருடமாகக் 'கொல்லைப்புறம்' ஆடினார். இருநூறு ரோஜாச் செடி, ஒரு வெள்ளைக் கன்றுக்குட்டி. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் கன்றுக்குத் தண்ணீர் காட்டுவார். போன மாதம் வந்த அப்டேட் பழைய நிலங்களை எல்லாம் துடைத்துவிட்டு, புது நிலம் வாங்கச் சொன்னது. குடத்தில் தண்ணீர் வரவேண்டும் என்றால் இரண்டு விளம்பரம் பார்க்கவேண்டும். அப்பாவுக்கு ரோஜா அத்தனையும் போய்விட்டது. கன்று மட்டும் எப்படியோ மூலையில் நின்றுகொண்டிருந்தது.

அவர் எழுதிய புகார் என் மேஜைக்கு வந்தது. 'பெறுநர்', 'பொருள்' எல்லாம் போட்டு எழுதுகிறவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். நான் மூன்றாம் வாக்கியத்தை அனுப்பினேன்: கேமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள். அப்பா சொன்னபடி செய்தார். கன்றும் போய்விட்டது.

அன்று சாப்பிடும்போது கேட்டார். "உங்க ஆபீஸ்ல பதில் போடுறவன் எவன்டா? சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கறானா?"

"புது ஆள்ப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் காலையில் ஃபோனை எடுப்பார், பார்ப்பார், கவிழ்த்து வைத்துவிடுவார்.  

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஊருக்கு வெளியே ஒரு ஓட்டலில் நடந்த இரண்டு நாள் விழாவுக்குப் போனார்கள். வாடிக்கையாளர் திருப்திக்காக எங்களுக்கு ஒரு விருது கிடைத்திருந்தது. மூன்று மணிக்கு மேனேஜர் மட்டும் திரும்பி வந்தார். விருதுக் கோப்பையையும் விழா கேக்கையும் ஆபீஸிலேயே மறந்து போய்விட்டாராம். இரண்டையும் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். லிஃப்ட் நின்றது. என் ஃபோன் அடித்தது.

"யாருய்யா அங்க? லிஃப்ட் நின்னுடுச்சு!"

"வணக்கம். தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். எந்த ஃபோன்ல ஆடுறீங்க?"

"ஆடுறேனா? யோவ், நான் மேனேஜர்யா!"

"தங்கள் பொறுமைக்கு நன்றி. லிஃப்டை விட்டு வெளிய வந்துட்டு, மறுபடி உள்ள போய்ப் பாருங்க."

கதவை இரண்டு தடவை உதைத்தார். பிறகு, "இது நான் எழுதுனதுடா" என்றார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று வாய் வரை வந்தது. ஒன்பதில் அது இல்லாததால் சொல்லவில்லை.

லிஃப்டுக்குள் ஃபோன் சிக்னல் கிடையாது. அவர் விழாவில் இருக்கிறார் என்று அவருடைய மனைவி நினைத்துக்கொண்டார்; அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று விழாவில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். யாரும் தேடவில்லை. அவ்வளவு பிரியம்.

நாலு மணிக்கு அவரே மணி அடித்து, பேரத்துக்கு இறங்கி வந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். பழைய தோட்டங்களின் நகல் எங்கே என்றேன். அவருடைய கம்ப்யூட்டரில் பத்திரமாக இருப்பதாகச் சொல்லி, பாஸ்வேர்டையும் கொடுத்தார். 'வாடிக்கையாளரேதெய்வம்', இடைவெளி இல்லாமல். ஐந்து மணிக்குள் அப்பாவின் இருநூறு ரோஜாவும் கன்றும் திரும்பி வந்துவிட்டன. மற்ற இரண்டு லட்சம் பேரின் தோட்டம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவர்களின் புகார்கள் பரிசீலனையில் இருக்கின்றன.

ஐந்தரைக்கு மறுபடி மணி அடித்தது. "சார், கொடுத்துட்டேனே சார், திறந்து விடுங்க சார்" என்றார். பதினோரு வருட வேலையில் என்னை ஒருவர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஐந்தாம் வாக்கியத்தைச் சொன்னேன்: எங்கள் குழு இதைக் கவனித்துக்கொண்டிருக்கிறது.

அவர் பட்டினி கிடந்தார் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அபாண்டம். ஐம்பது பேருக்கு வாங்கிய கேக் அது. இன்னொன்றும் கேட்டீர்கள். கோப்பை பெரியது ஐயா, மூடியும் உண்டு. அதற்கு மேல் விவரிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நான் வீட்டுக்குப் போகவில்லை. அவர் கூப்பிடும்போது ஆள் இல்லாமல் போனால் நன்றாகவா இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா மாடிப்படி ஏறி, எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கன்று திரும்பி வந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லிஃப்டுக்குள் யாரோ தட்டினார்கள்.

"உள்ள யாருடா?"

"ஒரு வாடிக்கையாளர்ப்பா."

என் நாற்காலிக்குப் பின்னால் லிஃப்டின் மெயின் ஸ்விட்ச் இருந்தது. அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய் மேலே தள்ளினார். லிஃப்ட் வந்தது. மேனேஜர் மீசையெல்லாம் க்ரீமோடு வெளியே வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பழைய தோட்டத்தைக் கொடுத்தப்புறமும் ரெண்டு நாளா கேமை நீக்கிட்டு நிறுவுங்கன்றான் சார்" என்று அழுதார்.

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "அந்தப் பதில் போட்டவன் நீதானாடா?" என்றார். பிறகு மெதுவாக, "தோட்டம்தான் வெள்ளிக்கிழமையே வந்துடுச்சே. அப்புறம் எதுக்குடா இந்த மனுஷன உள்ள வச்சிருந்த?" என்று கேட்டார்.  அவர் அங்கேயே நின்று, என் கண் முன்னால், கேமைத் தன் ஃபோனிலிருந்து நீக்கினார். மறுபடி நிறுவவில்லை. உங்கள் ஸ்டேஷனுக்குத் தகவல் சொன்னதும் அவர்தான்.

லிஃப்ட் தானாக நிற்கவில்லை ஐயா. அவர் கோப்பையோடு ஏறியதைப் பார்த்துவிட்டு ஸ்விட்சை இறக்கியவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அவர் மொத்தம் நூற்றுப் பதினாறு தடவை மணி அடித்தார், ஒரு தடவைகூட நான் அவரைக் காக்க வைக்கவில்லை.