கூட்டின வேகம்

மன்னார் பஸ் நிலையத்தில் எனக்கு முன்னால், கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்திருந்த எருக்கலம்பிட்டிப் பெண் பக்கத்திலிருந்த கணினி ஆசிரியையிடம் சொன்னார்:

"வீடியோ வெட்ட நேரமெடுக்குதெண்டு புரொசெசரின்ர வேகத்தைக் கூட்டினனான், டீச்சர். இப்ப எழும்புதே இல்லை."

"உள்ளுக்க சின்னப் பற்றரி இருக்கு. கழட்டிக் கொஞ்ச நேரத்தால போட்டால், கூட்டின வேகத்தை மறந்திடும்."

"கலியாண வீடியோவையும் மறந்திடுமோ? இடம்பெயர்ந்த நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு நடந்த முதல் கலியாணம்."

"அது ஹார்ட் டிஸ்க்கில, வேற இடத்தில இருக்கு. பயப்பிடாதேங்கோ."

பெட்டியைத் திறந்து பற்றரியைக் கழற்றிக் காத்திருந்து, திரும்பப் போட்டார்கள். தேநீர்க்கடைக்காரர் மின்சாரம் தந்தார். பெட்டி ஒருமுறை கீச்சிட்டது.

"நோகுதெண்டு கத்துதோ?"

"இல்லை. ஒரு சத்தமெண்டால் எழும்பிட்டுது."

"அல்ஹம்துலில்லாஹ்." பெண் பெட்டியருகே குனிந்தார். "இனி நீ உன்ர பாட்டில மெல்ல ஓடு."