ஏரி புரண்ட வாரம்

அக்டோபர் கடைசி. சாயங்காலம் நாலே கால் மணி. ஏரிக்குப் போகும் பதினோரு மைல் மண் ரோட்டில் ஒரே ஒரு பிக்கப் வண்டி, பின்னால் படகை இழுத்துக்கொண்டு... எதிரே ஒரு ஈ காக்காய் இல்லை.

இதைச் சொன்னது என் சிநேகிதன் வெண்டல். வண்டியை ஓட்டியது அவன் சித்தி மார்லிஸ். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. பக்கத்தில் அவள் கொழுந்தன் ஆரின்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய டிசம்பரில் அவள் புருஷன் வார்ட், உறைந்த அந்த ஏரியில் மீன் பிடிக்கப் போய், காலடிப் பனி உடைந்து உள்ளே விழுந்தான். விழுந்த ஓட்டை மறுபடி அவன் கைக்கு அகப்படவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இத்தனை குளிர்ந்த தண்ணீர் ஆளை லேசில் விடாது, வந்தால் ஏரி புரளும்போது வரலாம் என்று தேடிய முக்குளிப்பவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பனிக்காலத்துக்கு முன்னால் ஒரு வாரம் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து இறங்கும். அடித்தண்ணீர் ஏறிவரும். அதுதான் ஏரி புரள்வது. அந்த வாரம் மட்டும் மார்லிஸ் வருஷா வருஷம் தூண்டிலோடு கிளம்பிவிடுவாள். அப்போது மீன் கடிக்காது என்பது ஊருக்கே தெரியும். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்றைக்கு ஏரி அழுகின முட்டை நாற்றம் நாறியது. தேநீர் நிறத்தில் தண்ணீர். மட்கிய இலையும் வேரும் அடியிலிருந்து கிளம்பி மிதந்தன. காற்று இல்லை. நடு ஏரியில் மோட்டாரை நிறுத்தி நங்கூரம் போட்டார்கள்.

டொக்... டொக்... டொக்.

படகின் தகரத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்குள்ளிருந்து. தடித்த கண்ணாடியை விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி...

கேட்கிறதா என்று அவள் ஆரினைப் பார்த்தாள். அவன் தூண்டில் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். எதுவும் கேட்கவில்லை என்றான்.

மறுபடி மூன்று தட்டு. இந்தத் தடவை அவசரமாக.

மார்லிஸ் குனிந்து கையைத் தண்ணீரில் விட்டாள். மணிக்கட்டு வரைதான் போயிற்று. உள்ளங்கை எதிலோ இடித்தது. வழவழவென்று, கெட்டியாக... பனித்தளம். சுற்றிலும் தண்ணீர் அலம்பிக்கொண்டிருக்கிறது, அவள் கைக்குக் கீழே மட்டும் டிசம்பர். அதன் அடிப்பக்கத்தில், சரியாக அவள் உள்ளங்கை இருந்த இடத்தில், தட்டுவது நின்றது. ஏதோ ஒன்று அங்கே அழுந்திப் பதிவது அவளுக்குத் தெரிந்தது.

நங்கூரத்தை மேலே இழுத்து, அதைக்கொண்டு அந்தப் பனியில் இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள். தண்ணீர்தான் தெறித்தது. மறுபடி அடித்தாள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. ஆரின் பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தான்.

"விடு ஆரின். விரிசல் விடுது. இன்னும் ரெண்டு தடவ அடிச்சா..."

"ஒண்ணும் இல்ல மார்லிஸ். வெறும் தண்ணி. கவுந்தா நாமளும் அவன்கூடத்தான் போவோம்."

அவளைப் படகின் தரையில் அழுத்தி உட்காரவைத்து மோட்டாரைக் கிளப்பினான். படகைக் கரைக்குத் திருப்பினான்.

மறுநாள் காலை படகுத்துறைக்குப் பக்கத்து நாணல் புதரில் வார்ட் கிடந்தான். முகம் அப்படியே இருந்தது, தூங்குகிற மாதிரி. சவப் பரிசோதனை செய்த டாக்டர் போர்வையால் மூடப் போனார். மார்லிஸ் கைகளைக் காட்டச் சொன்னாள்.

இரண்டு கையிலும் விரல் முட்டிகள் தோலுரிந்து சிவந்திருந்தன. பச்சைக் காயம். இது ஒரு நாளுக்குள் பட்டது என்று சொல்லிவிட்டு, டாக்டர் அதைக் காகிதத்தில் எழுதாமலே விட்டுவிட்டார்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, ஆரின் சமையலறை வாசலில் வந்து நின்றான். வெகுநேரம் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கும் கேட்டுச்சு மார்லிஸ்."

அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"நான் மோட்டாரப் போட்டப்புறமும் தட்டுறது நிக்கல. படகுக்கு அடியிலயே... கரை வரைக்கும் தட்டிக்கிட்டே வந்தான்."