ஆளில்லா வீடு

– அந்தச் சின்னக் கட்டத்து மேல விரல் வெச்சிருக்கீங்களே தம்பி, அதுதான் என் வீடு.

– இதுவா? பாருங்கம்மா, இதுல ‘ஆளில்லா வீடு’ன்னு போட்டிருக்கு.

– அதைச் சொல்லத்தான் பஸ் ஏறி உங்க ஆபீசுக்கு வந்தேன். சரளைக் குவாரி வரப்போகுதுன்னு பஸ் ஸ்டாப்ல இந்த வரைபடத்தை ஒட்டியிருந்தாங்க. சரளைக் குழி இங்கே, மணல் சலிக்கிற இடம் அங்கேன்னு ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே வந்தேன். என் வீடு வந்துச்சு. நான் இல்லை.

– தப்பா எடுத்துக்காதீங்க. அளந்தது, வரைஞ்சது எல்லாம் நான்தான். உங்க கேட்ல கொடி படர்ந்து கிடந்தது.

– திறந்தாத்தானே படராம இருக்கும். யாருக்குத் திறக்க? நான் பின்கதவு வழியாவே போயிட்டு வந்துடுவேன்.

– வெளியில ஒரு துணிகூடக் காயலை.

– ஒருத்தி துணி. சமையல்கட்டு ஜன்னல் கம்பியிலேயே காஞ்சிடும்.

– சாயங்காலம் திரும்பும்போதும் பாத்தேன், விளக்கு எரியலை. சரின்னு மளிகைக் கடையில விசாரிச்சேன். ‘அங்கே யாரும் இல்லை சார்’னு அடிச்சுச் சொன்னார்.

– அவரா? வாரா வாரம் அவர் கையாலதான் அரிசி வாங்கறேன்.

– உங்களைத் தெரியாதா அவருக்கு?

– மீதிச் சில்லறை குடுக்கும்போது என் முகத்தைப் பாக்கணும்னு என்ன இருக்கு? அவரைச் சொல்லிக் குத்தமில்லை. நான் சட்டைக்குக் காஜா எடுக்கறேன். தையல் கம்பெனிக்காரங்க துணி மூட்டையை பஸ்ல போட்டு விடுவாங்க, கண்டக்டர் இறக்கி வெச்சுட்டு விசில் ஊதிடுவார். இப்படியே ஓடுது. ஏன் கேக்கறேன்னா, அன்னிக்குக் கதவைத் தட்டினதும் நீங்கதானா?

– ஆமா. உங்களுக்குக் கேட்டுச்சா?

– கேட்டுச்சு.

– அப்புறம் ஏம்மா திறக்கலை?

– ரொம்ப நாளா யாரும் தட்டினதில்லை பாருங்க. காத்தா இருக்கும்னு தோணிச்சு. மனுஷனா இருந்தா இன்னொரு தடவை தட்டுவாங்கன்னு கதவுக்கு உள்பக்கமே நின்னுக்கிட்டிருந்தேன்.

– நான் ஒரு தடவைதான் தட்டினேன்.

– அது சரி. உங்களுக்கும் ஆயிரம் வேலை.

– சங்கடப்படுத்தாதீங்கம்மா. திட்டத்தை இந்த வாரம்தான் மேலே அனுப்பறேன், நல்லவேளை வந்தீங்க. இப்பவே திருத்திடலாம்.

– வீட்டை இடிப்பாங்களோ?

– சேச்சே. உங்க வீடு, உங்க இடம். அடியில வெறும் களிமண்ணு, எங்களுக்கு உதவாது. ஆள் இருக்குன்னு போட்டா உங்களுக்கு இன்னும் நல்லது. சட்டப்படி நாலு பக்கமும் இடம் விடணும். பக்கத்துல வெட்டற மேல்மண்ணை உங்க வீட்டைச் சுத்திக் கரை மாதிரி குவிச்சிடுவோம், ரெண்டு ஆள் உயரத்துக்கு. தூசி, சத்தம் எதுவும் அதைத் தாண்டாது.

– கோட்டைன்னு சொல்லுங்க. உள்ளே நான் மகாராணி.

– சிரிக்காதீங்க, நிஜமாவே அப்படித்தான். வேலை முடிஞ்சதும் அதே மண்ணை எடுத்து, குழியோட சரிவுல பரப்பி மரம் நடுவோம். குழியில தண்ணி ஊறி ஏரியாயிடும். ஜன்னலைத் திறந்தா ஏரி!

– எப்போ?

– பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும்.

– அதுவரைக்கும் ஜன்னலைத் திறந்தா?

– கரை தெரியும்.

– அது சரி. ஏன் கேக்கறேன்னா, இந்த ரெட்டைக் கோடு என் கேட்டை உரசிக்கிட்டுப் போகுதே, அது என்ன?

– லாரிப் பாதை. பயப்படாதீங்க, ஆளில்லைன்னு நினைச்சு அப்படிப் போட்டது. உங்க கேட்டுக்கு எதிர்லயே எடை மேடை, டிரைவருங்க உக்கார ஒரு கொட்டகை. எல்லாத்தையும் குழிக்கு அந்தப் பக்கம் தள்ளிடறேன்.

– தள்ளலைன்னா?

– விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் ஓயாது. எடைக்கு நிக்கற லாரி உங்க வாசல் வரைக்கும் வரிசை கட்டும். ஒருத்தன் பாட்டு போடுவான், ஒருத்தன் குடிக்கத் தண்ணி கேப்பான், ஒருத்தன் முன்னாடி நிக்கறவனைத் திட்டுவான். நரகம்மா அது.

– என் வீட்டுத் திருப்பத்துல ஹாரன் அடிப்பாங்களா?

– அடிக்காமலா! காது கிழிஞ்சிடும்.

– எங்க அண்ணன் லாரி ஓட்டினவர். அந்தத் திருப்பத்துலதான் அடிப்பார். சத்தம் கேட்டதும் நான் அடுப்பைப் பத்த வெப்பேன். ரெண்டு பேருக்குமே கல்யாணம் காட்சின்னு எதுவும் அமையலை. ‘அடியே ஊமைக்கோட்டான், ஒரு வார்த்தை பேசித் தொலையேன்’னு கத்துவார். வீட்டுல இருந்த சத்தமே அவர்தான்.

– இப்போ எங்கே இருக்கார்?

– போய்ச் சேந்து அஞ்சாறு வருஷம் ஆச்சு.

– அடடா.

– கரை போட்டுட்டா, உள்ளே யாருமே வர மாட்டாங்க இல்ல?

– ஈ, காக்கா வராது. ‘வேலையாட்கள் உள்ளே வரக் கூடாது’ன்னு பலகையே வெச்சிடுவோம்.

– நான் இருக்கேன்னும் போட்டு, பாதையையும் அங்கேயே விட முடியாதா?

– முடியாதும்மா. ஆள் இருந்தா பாதை வராது. பாதை வரணும்னா ஆள் இருக்கக் கூடாது.

– எனக்குத் தொந்தரவு இல்லைன்னு நானே எழுதிக் குடுத்தா?

– செல்லாது. சரி, நேரமாகுது. உங்க பேரைச் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்.

– வேண்டாம் தம்பி. குறிக்காதீங்க.

– என்னது?

– போட்டது போட்ட மாதிரியே இருக்கட்டும்.

– விளையாடறீங்களா? உயிரோட என் எதிர்ல உக்காந்து பேசிக்கிட்டிருக்கீங்க. உங்களை இல்லைன்னு எப்படி எழுதறது? நாளைக்கே யாராவது வந்து கேட்டா என்ன சொல்லட்டும்?

– ரெண்டு தடவை தட்டினேன், யாரும் திறக்கலைன்னு சொல்லுங்க.