கறுத்துப்போன தாளுக்கு ஒரு மிட்டாய்

பக்கத்தில் நிற்பவர் பேச்சுக்குக் காதைக் கொடுத்துவிட்டு, ஏறவேண்டிய பஸ்ஸைக் கோட்டைவிடுவது என் வழக்கம். அன்று காலை பாடி நிறுத்தத்தில் இரண்டு பஸ் போய்விட்டன. பள்ளிக்கூட வாட்ச்மேன் ஒருவர் தன் நண்பருக்கு மிட்டாய் நீட்டிக்கொண்டிருந்தார்.

“தாளு கறுப்பாயிடுச்சு மாமே! எடுத்துக்கோ.”

“கறுப்பானதுக்கா முட்டாய்? இன்னா தாளு?”

“எங்க ஸ்கூல் மொட்டமாடில காத்த சோதிக்க மிஷின் வச்சாங்கல்ல, அதுக்குள்ள கீற வெள்ளத் தாளு. காத்துல கீற தூசியெல்லாம் அதுல ஒட்டிக்கும். ரெண்டு வாரமா வெள்ளையாவே இருந்துச்சு. இங்க காத்து சுத்தம்னு ஆபீசருங்க எழுதிகினு போவ இருந்தாங்க.”

“அப்பால?”

“புது மிஷினாச்சே, தூசி படக்கூடாதுன்னு நான்தான் தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தேன்.”

“அடப்பாவி! தூசி புடிக்கிற மிஷினுக்கே போர்வையா?”

“நானே போய் ஒத்துகினேன். திட்டிட்டு மறுபடி ஓட்டுனாங்க. ஒரே நாள்ல கரி! பக்கத்துல இரும்பு உருக்குற பவுண்டரிக்கு, பொகைய வடிகட்டச் சொல்லி நோட்டீஸ் போயிருக்கு. இனிமே அங்க படிக்கிற எம் பொண்ணு மூச்சு இழுப்பு இல்லாம கிளாஸ்ல உக்காரும், நைனா.”

எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. “நான் ஏதாவது உதவலாமா?” என்று கேட்டுவிட்டேன்.

வாட்ச்மேன் என் கையைப் பார்த்தார்.

“மொதல்ல அந்த சிகரெட்ட அணை சார்.”